பெர்லின் அருங்காட்சியகம்: டைனோசர் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு

ஐரோப்பா போகிறீர்கள், டைனோசர் பார்க்க ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடத்தில் ஜிராஃபடைட்டன் என்ற நீளக் கழுத்து டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. உயரம் 13.27 மீட்டர். பொருத்தி நிறுத்திய டைனோசர் எலும்புக்கூடுகளில் உலகிலேயே உயரமானது என்று கின்னஸில் இடம்பெற்றது.

பல ஊர்களில் நாம் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது வெறும் வார்ப்பைத்தான், அதாவது அசல் எலும்பின் அச்சில் வார்த்த நகலைத்தான். இங்கேயும் தலை, கழுத்து, முதுகு எல்லாம் வார்ப்புதான், அசல் முள்ளெலும்புகளை அவ்வளவு உயரத்தில் ஏற்றினால் தாங்காது. ஆனால் கால்கள் பெரும்பாலும் அசல். அதனால் முதலில் முன்னங்கால் பக்கம் போய் நில்லுங்கள். தோளிலிருந்து முழங்கை வரைக்குமான அந்த ஒற்றை எலும்பே 2.13 மீட்டர், பக்கத்தில் நிற்கிற எந்த மனிதரையும் விட உயரம். 1937-ல் முதலில் நிறுத்தியபோது முன்கால்கள் முட்டியில் வளைந்து, வால் தரையில் கிடந்தது. ஆராய்ச்சி மாற மாற அது தவறு என்று புரிந்து, மொத்தத்தையும் பிரித்து, 2007-ல் காலை நேராக்கி வாலைத் தூக்கி மறுபடி நிறுத்தினார்கள்.

அப்புறம் ஒன்று, போவதற்கு முன்னாலேயே இந்த எலும்புகள் கிடைத்த தெண்டகுரு என்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். இந்த எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்தவை இல்லை. இன்றைய தான்சானியாவில், அது ஜெர்மனியின் காலனியாக இருந்த 1909 முதல் 1913 வரை, நூற்றுக்கணக்கான உள்ளூர் மக்கள் தோண்டி எடுத்தவை. காலனி ஆட்சிக்கு எதிராக மக்கள் நடத்திய மாஜி மாஜி எழுச்சியை ஜெர்மன் படை நசுக்கி, பஞ்சம் அந்தப் பகுதியையே காலி செய்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வண்டிப்பாதை கிடையாது. 200 டன்னுக்கு மேல் எலும்பையும் பாறையையும் மூட்டை மூட்டையாகத் தலையிலும் தோளிலும் சுமந்து, லிண்டி துறைமுகம் வரை நாள்கணக்கில் நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தோண்டும் வேலைக்குத் தலைமை மேற்பார்வையாளர் போஹெட்டி பின் அம்ரானி. இந்தப் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எலும்புகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற குரல் தான்சானியாவில் எழுந்திருக்கிறது, என்னைக் கேட்டால் நியாயமான குரல்தான்.

பெரியதைப் பார்த்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். பறவைக்கும் ஊர்வனவுக்கும் இடைப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற உயிரினத்தின் புதைபடிவம் பதிந்த அசல் கல்பலகை ஒன்றும் இங்கே இருக்கிறது. காக்கை அளவுதான். பல்லும் எலும்போடு கூடிய நீள வாலும் ஊர்வனவுக்கு உரியவை, விரிந்த இறகோ பறவைக்கு உரியது. ஒவ்வொரு இறகின் வரியும் சுண்ணாம்புக்கல்லில் பதிந்திருக்கிறது. கூட்டம் விலகும்வரை காத்திருந்து கண்ணாடிக்கு அருகில் போய்ப் பாருங்கள், காத்திருப்பு வீண் போகாது.

யு6 மெட்ரோவில் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துத் திட்டமிடுங்கள்.