நீர்நாய் தின்றது எந்த கிரேஃபிஷ்? கொடுக்கு, முதுகு ஓடு, எச்சம்: எதை நம்பலாம்?

இங்கிலாந்தின் ஓடைக்கரைப் பாறையில் நீர்நாய் தின்றுபோட்ட கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரி) துண்டுகள் கிடந்தால் பெரும்பாலும் இரண்டு இனங்களுக்கு நடுவேதான் குழப்பம். ஒன்று, பிரிட்டனின் ஒரே சொந்த இனமான வெள்ளைக் கொடுக்கு கிரேஃபிஷ். மற்றது, 1970களில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அமெரிக்க சிக்னல் கிரேஃபிஷ். இந்தச் சிக்னல் இனம் சுமக்கும் ‘கிரேஃபிஷ் கொள்ளைநோய்’ சொந்த இனத்தைக் கூண்டோடு அழித்துவிடும். அதனால் இனத்தை மாற்றிச் சொல்வது சின்னத் தவறில்லை.

எல்லோரும் முதலில் பார்ப்பது கொடுக்கைத்தான். ஈரம் காயாத பெரிய கொடுக்கு என்றால் வேலை சுலபம். சிக்னலுக்கு மேற்புறம் வழவழப்பு, அடிப்புறம் சிவப்பு, கொடுக்கின் இரண்டு விரல்களும் சேரும் மூட்டில் வெள்ளை அல்லது நீலப்பச்சைத் திட்டு. சொந்த இனத்துக்கு மேற்புறம் சொரசொரப்பு, அடிப்புறம் அழுக்கு வெள்ளை. ஆனால் வெயிலில் கிடந்து வெளுத்தால் இந்த நிற அடையாளங்கள் எல்லாம் போய்விடும். நீண்ட, ஒல்லியான கொடுக்குள்ள துருக்கி கிரேஃபிஷுக்கும் அடிப்புறம் வெளிறித்தான் இருக்கும். முறிந்து மறுபடி வளர்ந்த கொடுக்கு சிறிதாக இருப்பதால் அளவும் கைகொடுக்காது.

என் ஓட்டு முதுகு ஓட்டுக்குத்தான். தலையையும் உடம்பையும் பிரிக்கிற குறுக்குப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். சொந்த இனத்தில் குட்டி முட்கள் வரிசையாகத் தட்டுப்படும். சிக்னலில் அந்த இடம் மழமழவென்றிருக்கும். நிறம் முழுக்கப் போன ஓட்டிலும் முள் முள்ளாகவே இருக்கும். அந்தப் பகுதி உடையாமல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீர்நாயின் எச்சத்தில், அதாவது கழிவில், கிடைப்பது வெறும் ஓட்டு நொறுங்கல். அதில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தெரிந்தால் உடனே ‘சிக்னல்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாமே! ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருக்கும் நிறமி செரிமானத்தில் விடுபட்டால் எந்த இனமானாலும் சிவக்கும். அப்புறம், நீர்நாய் ஓர் ஓடையில் தின்று வேறோர் ஓடையில் எச்சமிடும். மரபணுச் சோதனை இல்லாதவரை ‘கிரேஃபிஷ், இனம் தெரியவில்லை’ என்று பதிவதே சரி.

எந்தத் துண்டானாலும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, மேலும் கீழும் படம் எடுங்கள். அடுத்த ஓடையில் இறங்குமுன் காலணியைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். அந்த நோய் ஈரக் காலணியிலும் பயணம் செய்யும்.