கொழும்பு தேசிய நூதனசாலை: வேலூர்க்காரிக்குக் கிடைத்த திடீர் லீவு

காலை ஏழே முக்காலுக்கு வகுப்பு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: விரிவுரையாளருக்குக் காய்ச்சல், இன்றைக்கு எதுவும் கிடையாது. நானோ குளித்து, தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வெள்ளவத்தைக்குப் படிக்க வந்து ஐந்து மாதம். காலி வீதி பஸ்ஸையும் வகுப்பறையையும் தவிர கொழும்பில் எதையும் பார்த்ததில்லை.

நூதனசாலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டுக்கார அன்ரி, "உதுக்கு ஏன் பிள்ளை காலமையே வெளிக்கிடுறீர்? ரெண்டு மணித்தியாலம் காணும்" என்றார். எனக்கு நாலே முக்கால் மணி நேரம் ஆனது, அப்படியும் மாடியைப் பாதிதான் பார்த்தேன். (நூதனசாலை என்றால் நம்மூர் அருங்காட்சியகம்தான். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பிடித்துப்போய்விட்டது.)

நான் பிடித்த ஆட்டோவில் மீட்டர் 'பழுது'. இறங்கும்போது கேட்ட தொகைக்கு இரண்டு நாள் மதியச் சோறு சாப்பிட்டிருக்கலாம். ஏறும் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுங்கள். புறக்கோட்டையிலிருந்து வருபவர்களுக்கு 138 பஸ் இருக்கிறது; பொது நூலகத்தில் இறங்கி நடந்தால் போதும். டிக்கெட் கவுன்ட்டரில் வாயைத் திறக்கும்வரை நான் உள்ளூர்க்காரி, "ஒரு டிக்கெட் குடுங்க" என்றதும் வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. தாஜ்மகாலில் நாமும் இதையேதான் செய்கிறோம் என்பதால் பேசாமல் நீட்டினேன்.

வெள்ளை வெளேரென்ற கட்டடம், முன்னால் விழுதுவிட்ட ஆலமரங்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877 ஜனவரி 1 அன்று திறந்தது. நடராசரின் நடனத்தை உலகத்துக்கு விளக்கி எழுதிய ஆனந்த குமாரசாமி கொழும்பில் பிறந்ததும் அதே ஆண்டுதான். பக்கத்துச் சாலைக்கு அவர் பெயர். நுழைந்ததும் அனுராதபுரத்துத் தொலுவில புத்தர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் அவர் முன்னால் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலங்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நடராசரைப் பார்க்கத்தான் எல்லாரும் நிற்கிறார்கள். என்னை நிறுத்தியது காரைக்கால் அம்மையார். எலும்பெடுத்த உடம்பு, கையில் தாளம், முகத்தில் மட்டும் அப்படியொரு நிறைவு. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் ஒவ்வொரு முறையும் திருவாலங்காட்டைக் கடக்கிறேன், அம்மையார் தலையால் நடந்த ஊர். அங்கே ஜன்னல் வழியாகக்கூட எட்டிப்பார்க்காதவள், கடல் தாண்டி வந்து டிக்கெட் எடுத்து அவரைப் பார்க்கிறேன்.

அடுத்தது காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409 என்று தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்குமாக ஆளுக்கு 1,000 பொன், 5,000 வெள்ளி என்று காணிக்கைக் கணக்கு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று கல்யாண வீட்டில் மூன்று பக்கத்துச் சம்பந்திகளுக்கும் ஒரே தாம்பூலம் வைப்பார்களே, அந்தச் சாமர்த்தியம். 1911இல் கண்டெடுத்தபோது அது காலியில் ஒரு மதகின் மேல் குப்புறக் கிடந்ததாம். தேய்ந்த தமிழ் எழுத்தில் ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று குனிந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியாகக் கண்டி அரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்த (டச்சு) ஆளுநர், அரசர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. முதுகில் சூரியன், கைப்பிடிகளில் சிங்கம். சிங்கத்தின் கண்கள் செவ்வந்திக் கல். 1815இல் கண்டி விழுந்ததும் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. பக்கத்தில் ஹட்டனிலிருந்து வந்த தாத்தாவும் பேரனும் நின்றார்கள்.

"தாத்தா, இதுல உக்காந்த கடைசி ராசா எங்க போனாரு?"

"வெள்ளக்காரன் புடிச்சி இந்தியாவுக்கு அனுப்பிட்டான்."

சும்மா இருக்க முடியவில்லை. "எங்க ஊருக்குத்தாங்க, வேலூர்" என்றேன். ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி. 1832இல் எங்கள் ஊரில்தான் இறந்தார். கோட்டைக்குள் கண்டி மகால் என்றே ஒன்று உண்டு. தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க பாட்டன அங்கயிருந்து தேயிலைக்கு இங்க கொண்டாந்தான். ராசாவ இங்கயிருந்து அங்க கொண்டு போயிட்டான்" என்று சிரித்தவர், "சமாதி இருக்காம்மா?" என்றார்.

"இருக்குங்க. பாலாத்தங்கரையில, முத்து மண்டபம்."

"நல்லா வச்சிருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே கால் வைத்ததில்லை. "நல்லாத்தாங்க இருக்கும்" என்று சமாளித்தேன்.

இடத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. குறைந்த அரை, குதிகால் வைத்த செருப்பில் போன என் புத்திக்கு. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள். வெளியே ஒரு கடையில் ஒரு கப் மாம்பழச்சாற்றுக்கு நான் கொடுத்ததை அன்ரியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆலமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். முத்து மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டேன்.

"கொழும்புல இருந்துக்கிட்டு இதைக் கேக்கவா போன் பண்ண?" என்றார்.