‘அரசில் பதிவு பெற்றது’ என்ற பலகையைப் பார்த்து சமூகப்பணி டிப்ளமோவில் சேர்ந்துவிடாதீர்கள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ரிசல்ட் வந்த வாரத்திலேயே தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகள் வரைக்கும் நோட்டீஸோடு வந்துவிடுகிறார்கள். ‘ஒரு வருட சமூகப்பணி டிப்ளமோ. அரசில் பதிவு பெற்றது. வேலை நிச்சயம்.’ அதை நம்பி நான் 28,000 ரூபாய் கட்டினேன். பணம் போனதைவிடப் பெரிய சேதம் வேறு இரண்டு உண்டு. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

நாங்கள் சேரம்பாடி பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மா இன்றும் டேன்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுக்கிறார். எங்கள் லைனில் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவதா, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதா, பத்தாவது படிக்கும்போதிருந்தே என்னிடம்தான் வருவார்கள். இதையே தொழிலாகச் செய்ய ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா கம்மலை அடகு வைத்தார்.

ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். “சார், இது கவர்மென்ட் வேலைக்குச் செல்லுமா?” என்று அம்மா கேட்டார். இயக்குநர் பதிலே சொல்லாமல் சுவரைக் காட்டினார். அங்கே இருந்தவை என்ன என்று எனக்கு இப்போது தெரியும். ஒன்று 1975-ஆம் வருட சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வாங்கிய சான்று. ஒன்று தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் கிடைக்கும் எண். இன்னொன்று ஐ.எஸ்.ஓ. தரச் சான்று. இந்த மூன்றில் எதுவும் ஒரு படிப்புக்கான அங்கீகாரம் கிடையாது. சங்கம் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சங்கம் கொடுக்கும் டிப்ளமோவை அரசு ஏற்கும் என்று அதற்கு அர்த்தமே இல்லை.

கட்டிய பணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படித்தால் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. மறுநாள் கேட்டேன். “அது டாக்ஸுக்காகம்மா, எல்லா இடத்திலும் அப்படித்தான்” என்றார்கள். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி இரண்டையும் ஒரிஜினலாக வாங்கி பீரோவில் வைத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கடைசி வரை சொல்லவில்லை.

வகுப்பு என்பது ஜெராக்ஸ் நோட்ஸ். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு என்று தலைப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன. நடத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

களப்பணியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். முறையான கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்த ஒரு அக்காவிடம் பிறகு பேசினேன். அங்கே வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போவார்கள். போன நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு ஆசிரியர். ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுதி, அதை வைத்துத் தனியாக உட்கார்ந்து பேசுவார்களாம். எங்களுக்கு நடந்தது வேறு. ஜீப்பில் பணியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் கூட்டிப் போவார்கள். பேனரைப் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு கம்பளியை ஒருவர் கையில் கொடுப்பது போல் போட்டோ, பிறகு அதே கம்பளி அடுத்த வீட்டில். நாங்கள் ஒரு படிவத்தை நிரப்பி, ஆதார் நகல் வாங்கி, கைநாட்டு வைத்துக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாவது முறை போனபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். போன தடவையும் போட்டோ எடுத்தீர்களே, கம்பளி எங்கே என்று கேட்டார். அவர் விரலில் ஸ்டாம்ப் பேடு மை அப்போதும் காயவில்லை. நான் வைக்கச் சொன்ன கைநாட்டு. என்ன படிவம், எதற்கு, யாருக்குப் போகிறது என்று அவருக்கு நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. சம்மதம் கேட்காமல் ஒருவருடைய விவரத்தை எடுக்கக் கூடாது என்று எங்கள் ஜெராக்ஸ் நோட்ஸிலேயே இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன்.

படிப்பு முடியும் நேரத்தில் மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. புறத்தொடர்புப் பணியாளர் வேலைக்குக் கேட்ட தகுதி பிளஸ் டூ. டிப்ளமோவே தேவையில்லை! சமூகப்பணியாளர் வேலைக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும், அதற்கும் இந்த டிப்ளமோ உதவாது. சரி, பிளஸ் டூவை வைத்து விண்ணப்பித்தேன். உதகைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொன்னார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால், இன்னும் 10,000 கட்டினால்தான் தருவோம் என்றார் இயக்குநர். நகலை எடுத்துக்கொண்டு போனேன். ஒரிஜினல் இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அது அவர்கள் தப்பு இல்லை. திரும்பும்போது நடுவட்டம் தாண்டும் வரை நான் யாரோடும் பேசவில்லை.

சான்றிதழைத் திரும்ப வாங்கியது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். 15100 என்பது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே வக்கீல் உதவி கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு கடிதம் போனது, ஒன்பதாம் நாள் மார்க் ஷீட்டும் டிசியும் கைக்கு வந்தன. கல்லூரிகளே மாணவர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. பிறகு ஒரு சங்கத்துக்கு என்ன உரிமை? பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். முதல் இரண்டு தவணையும் ‘நன்கொடை’ ரசீது. மூன்றாவதை ஜிபேயில் அனுப்பியபோது ‘டிப்ளமோ ஃபீஸ்’ என்று தட்டியிருந்தேன். இன்று என் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் அது ஒன்றுதான். எங்கே பணம் கட்டினாலும் அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு அனுப்புங்கள்.

இந்தப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் விடப் போவதில்லை. வீட்டிலிருந்து படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி இளங்கலை) இருக்கிறது. எந்தத் தொலைநிலைப் படிப்பாக இருந்தாலும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர்கள் போனில் காட்டுவதைப் பார்க்காதீர்கள். சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களின் சான்றிதழ் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். களப்பணி எங்கே, யார் மேற்பார்வை என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

நான் ஆதார் நகல் வாங்கிய வீடுகள் மொத்தம் 23. அவற்றைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதினேன், பதில் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அந்தக் குடியிருப்புகளுக்குப் போய், என்ன நடந்தது, யாராவது அந்த நகலை வைத்து வந்தால் எதிலும் கைநாட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். இதுவரை 14 வீடு முடிந்திருக்கிறது. என்னோடு படித்தவர்கள் இதைப் பார்த்தால் நீங்கள் போன வீடுகளின் விவரத்தோடு என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்தே போகலாம்.