மூன்று நியூக்ளியான்களும் டெல்டாவும்: கோவை ஞாயிறு வகுப்பு ஒரு மதிப்பீடு

கோவை பீளமேட்டில் ஒரு தனிப் பயிற்சி மையம், முதுகலை மாணவர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஞாயிறுதோறும் அணுக்கரு இயற்பியல் வகுப்பு நடத்துகிறது. நெட், கேட் தேர்வுகளுக்கான குறுக்குவழிகளே பெரிதும் விற்பனையாகும் இந்த வட்டாரத்தில், டிரைட்டானின் (ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட அணுக்கரு) பிணைப்பாற்றலை, அதாவது அதை முழுவதும் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலை, மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் பேசத் துணிந்ததற்காகவே இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

டிரைட்டானின் பிணைப்பாற்றல் சோதனைப்படி 8.48 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆனால் நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) ஒன்றையொன்று சிதறடிக்கும் சோதனைத் தரவுகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் ஆர்கான் வி18 என்ற ஈருடல் விசை மாதிரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 7.62தான் கிடைக்கிறது. இந்தக் குறையிலிருந்துதான் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குகிறார். நியூக்ளியானைவிட ஏறத்தாழ 290 மெகா எலக்ட்ரான் வோல்ட் நிறை கூடிய, தற்சுழற்சியும் ஐசோஸ்பினும் (புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாக எண்ணும் குவாண்டம் எண்) 3/2 கொண்ட, டெல்டா என்ற அதன் கிளர்வுற்ற நிலை அணுக்கருவுக்குள் கணநேரம் தோன்றி மறைய முடியும். ஒரு நியூக்ளியான் உமிழும் பையானை (நியூக்ளியான்களிடையே விசையைக் கடத்தும் துகள்) இரண்டாவது உட்கொண்டு டெல்டாவாகி, பின் இன்னொரு பையானை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்ப, அதை மூன்றாவது ஏற்றுக்கொள்ளும்போது, மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே செயல்படும் ஒரு மூவுடல் விசை பிறக்கிறது. 1957இல் ஃபுஜிதாவும் மியாசாவாவும் முன்வைத்த இந்தப் படம் பாடநூல்களிலும் உண்டு.

ஆனால் பாடநூல்கள் பலவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கோபியிலிருந்து வரும் ஒரு மாணவி, "ஏனுங்க சார், டெல்டாவச் சேத்தா பிணைப்பு கூடத்தானுங்க வேணும்?" என்று கேட்டபோது, அதற்கு விடை சொல்ல ஆசிரியர் அன்றைய வகுப்பு முழுவதையும் ஒதுக்கினார். இரண்டு நியூக்ளியான்கள் தனியாக இருக்கும்போது, அவற்றில் ஒன்று டெல்டாவாகி மீள்வதே அவற்றிடையே ஓரளவு ஈர்ப்பைத் தருகிறது. மூன்றாவது நியூக்ளியான் அருகில் இருக்கும்போதோ, அந்த இணைக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைந்து, அதே ஈர்ப்பு தளர்ந்துவிடுகிறது. ஆகவே டெல்டா ஒரு பக்கம் மூவுடல் ஈர்ப்பைக் கூட்டி, மறுபக்கம் ஈருடல் ஈர்ப்பைக் குறைக்கிறது. 1980களில் ஹனோவரில் ஹாய்டுக், சவுவர் ஆகியோர் செய்த, நியூக்ளியான் நிலைகளையும் டெல்டா நிலைகளையும் சேர்த்தே தீர்க்கும் இணைவழிக் கணக்குகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கையாண்டன. அதே வழியில் 2003இல் வந்த, சிடி-பான் என்ற இன்னொரு ஈருடல் விசை மாதிரியின் டெல்டா வடிவம் டிரைட்டானின் பிணைப்பை 8.00இலிருந்து 8.28க்கு மட்டுமே உயர்த்துகிறது. ஈர்ப்பை மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கை முடித்தால் மாணவர்களுக்குத் தவறான படமே மிஞ்சும் என்பதில் ஆசிரியர் காட்டிய அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

டியூட்டிரானில் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட அணுக்கரு) ஒற்றை டெல்டா ஏன் தோன்ற முடியாது என்பதற்கான விளக்கமும் அழகானது. அதன் ஐசோஸ்பின் 0. ஒரு நியூக்ளியானும் ஒரு டெல்டாவும் சேர்ந்தால் 1 அல்லது 2 மட்டுமே வரும். டிரைட்டானில் ஐசோஸ்பின் 1 கொண்ட இணைகள் இருப்பதால் அந்தத் தடை இல்லை.

குறைகளும் உண்டு. சார்பியல் திருத்தங்களும் எஞ்சிய மூவுடல் விசைகளும் ஒரே மாலையில் ஓட்டமாக முடிந்தன. மூன்று துகள்களின் கணக்கைத் தீர்க்க உதவும் ஃபதேயேவ் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்துப் பார்க்க வாய்ப்பே தரப்படவில்லை. கட்டணத்தைப் பார்க்கும்போது இது பெரிய குறைதான். ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவோருக்கு, வகுப்பு இரவு வரை நீள்வதால் திரும்பும் பயணம் சிரமமாகிறது. சேர நினைப்பவர்கள் கிளெப்ஷ்-கார்டன் குணகங்களை (தற்சுழற்சிகளையோ ஐசோஸ்பின்களையோ கூட்டும்போது வரும் எண்கள்) முன்கூட்டியே பழகிக்கொண்டு போவது நல்லது. ஐசோஸ்பின் கணக்குகளை ஆசிரியர் கரும்பலகையில் இடைப்படிகள் இல்லாமல்தான் எழுதுகிறார்.