அடிக்கத் தயங்கும் கை: நீண்ட நாள் ரெஸ்லிங் ரசிகையின் அனுபவம்

ரெஸ்லிங் பார்க்கிறேன் என்று சொன்னதும், அதெல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வைத்ததுதானே என்று எல்லாரும் கேட்கும் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் ரிங்கில் இறங்குகிறார்கள். ரெஸ்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டை வைத்துக்கொண்டு அவர்களில் ஒருவரான அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்த வயதில் எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் விடவில்லை. அம்பாசமுத்திரத்தில் கேபிளில் டென் ஸ்போர்ட்ஸ் வந்த காலத்திலிருந்து, 2025 ஏப்ரலில் அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ. இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை பாடுவார்கள். அவன் சாகப்போகிறான் என்பது பந்தலில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பொம்மக்காளுக்கும் திம்மக்காளுக்கும் சேதி போகிற இடம் வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்கள் குறைவு. பாடுகிறவர் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டமாட்டார், இழுத்து நிறுத்துவார். ரெஸ்லிங்கில் எனக்குப் பிடித்ததும் அந்த நிறுத்தம்தான். ஒருவன் அடிக்கக் கை ஓங்கிவிட்டு அடிக்க முடியாமல் நிற்பானே, அந்த சில நொடிகள்.

2008 மார்ச் 30, ஆர்லாண்டோ, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 24. இனி ஒரு போட்டியில் தோற்றாலும் மூத்த ரெஸ்லர் ரிக் ஃபிளேர் ஓய்வு பெற வேண்டும் என்பது கதை. எதிரே ஃபிளேரைப் பார்த்து வளர்ந்த ஷான் மைக்கேல்ஸ். கடைசியில் ஃபிளேர் தள்ளாடி எழுந்து, வா என்று முஷ்டியைக் காட்டுகிறார். ஷான் மூலையில் நின்று அழுகிறார். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, என்னை மன்னித்துவிடு, உன்மேல் எனக்குப் பிரியம் என்று சொல்லிவிட்டு உதைக்கிறார். அதற்கு முன்னால் நடந்த அடிதடியில் பாதி எனக்கு மறந்துபோய்விட்டது. அந்த முகம் மட்டும் மறக்கவில்லை.

ஆனால் இந்தத் தயக்கத்தை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்க்க முடியும் என்று காட்டியது ரோமன் ரெய்ன்ஸும் அவர் சொந்தக்காரர்களும் சேர்ந்த பிளட்லைன் என்ற கூட்டணியின் கதை. கோவிட் காலத்தில் ரசிகர்களை அரங்குக்குள் விடாமல், சுற்றிலும் திரைகளில் முகங்களைக் காட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். நிஜக் கூட்டம் எதிரில் இல்லாததால் ரோமன் கத்த வேண்டிய அவசியமே இல்லை. மெதுவாகப் பேசிப் பேசியே பயமுறுத்தினார். 2020 அக்டோபர் 25 அன்று ஹெல் இன் எ செல் என்ற கூண்டுப் போட்டியில் ஜே ஊசோ எவ்வளவு அடி வாங்கினாலும் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. ரோமன் அவனுடைய இரட்டைச் சகோதரன் ஜிம்மியின் கழுத்தை நெரித்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். டிவியில் இவர்களை கசின் என்கிறார்கள். நம் முறைப்படி பார்த்தால், இரட்டையரின் அப்பா ரிக்கிஷி ரோமனுக்கு அத்தை மகன். அப்படியென்றால் ரோமன் இந்தப் பையன்களுக்கு மாமன். வயதில் மூன்று மாதம்தான் மூத்தவர், ஆனாலும் குடும்பத் தலைவர் நான்தான் என்று உட்கார்ந்துகொண்டார். சொத்துத் தகராறு பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வீட்டைப் புரிந்துகொள்ளத் தனியாக விளக்கம் வேண்டாம்.

இந்த வீட்டுக்குள்தான் 2022இல் சாமி ஸெய்ன் நுழைந்தார். ரத்த சம்பந்தம் இல்லாத ஆள், கோமாளி போல ஒட்டிக்கொண்டவர். ஜேவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஏன் என்று யாரும் வசனமாக விளக்கவில்லை, ஆனால் 2020ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தான் அவமானப்பட்டு வாங்கிய இடத்தை இன்னொருவன் சிரித்துப் பேசியே வாங்குவதை ஜேவால் தாங்க முடியவில்லை. நவம்பரில் சாமி தன் பழைய நண்பன் கெவின் ஓவன்ஸையே காலை வாரி ரோமனைக் காப்பாற்றிய பிறகு, ஜே முதல்முறையாக அவரைக் கட்டிப்பிடித்தான். 2023 ஜனவரி 23 அன்று ரா என்ற வார நிகழ்ச்சியில் ரோமன் சாமியை விசாரணைக்கு நிறுத்தியபோது, வாதாட வந்தவனே ஜேதான்.

அதே வாரக் கடைசியில் ராயல் ரம்பிள் என்ற வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓவன்ஸைக் கயிற்றில் விலங்கு போட்டு வைத்து, சாமி கையில் நாற்காலியைக் கொடுத்து அடி என்கிறார் ரோமன். ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாத என் ஆச்சி இட்லித் தட்டோடு வந்து உட்கார்ந்தவள், "ஏட்டி, அந்தத் தாடிக்காரன் மூஞ்சியப் பாரு. யாரு பக்கம் நிக்கணும்னு தெரியாம முழிக்கான்" என்றாள். சாமி நாற்காலியை ரோமனின் முதுகில் இறக்கினார். எல்லாரும் சாமியைப் போட்டு அடிக்கும்போது ஜே மட்டும் அடிக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கண் கலங்கி வெளியே நடந்துபோனான். ஆச்சிக்கு அதில்தான் வருத்தம். "இவன் பாவம்ட்டி" என்று சாப்பாட்டை வைத்துவிட்டாள். இரண்டரை வருடக் கதையில் அவள் பார்த்தது பத்து நிமிடம்கூட இருக்காது.

குறைகளும் சொல்ல வேண்டும். பல சமயம் இந்தக் கம்பெனி தான் உண்டாக்கிய காயத்தைத் தானே மறந்துவிடுகிறது. 11 வருடம் காத்திருந்து 2019 ரெஸில்மேனியாவில் கோஃபி கிங்ஸ்டன் சாம்பியன் பட்டத்தை ஜெயித்தபோது நான் கைதட்டிக் கத்தினேன். அதே அக்டோபரில் பிராக் லெஸ்னரிடம் சில நொடிகளில் தோற்று சாம்பியன் பெல்ட் போனது. அதற்குப் பிறகு கோஃபிக்கு ஒரு கோபம், ஒரு அழுகை எதுவும் எழுதவில்லை. பழையபடி சிரித்துக்கொண்டு தன் பழைய நியூ டே கூட்டணிக்கே திரும்பிவிட்டார். 2025 மார்ச்சில் ஜான் சீனா கெட்டவனாக மாறியதும் அப்படித்தான். அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்தபடி தி ராக்கைப் பார்த்த அந்தப் பார்வை பிரமாதம். ஆனால் பின்னால் நின்று இதைச் செய்ய வைத்த ராக் ரெஸில்மேனியாவுக்கே வரவில்லை, ஆகஸ்டில் சீனா பழைய நல்லவராகிவிட்டார். ஏன் மாறினார், ஏன் திரும்பினார் என்பதற்குப் பார்ப்பவர்கள் ஏற்கிற மாதிரி ஒரு காரணம் கிடைக்கவே இல்லை. இத்தனை வருட அன்பைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோடியின் கதையை மட்டும் பொறுமையாகச் செய்தார்கள். அப்பா டஸ்டி ரோட்ஸுக்குக் கடைசிவரை கிடைக்காத டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் பட்டம் மகனுக்கு 2023இல் கைக்கெட்டித் தவறியது. அன்றே கொடுத்திருந்தால் நல்ல வெற்றி, அவ்வளவுதான். ஒரு வருடம் காக்க வைத்து, 2024 ஏப்ரல் 7 அன்று ரோமனின் 1,316 நாள் ஆட்சியை முடித்தபோது அவர் அம்மா ரிங்குக்குள் வந்து நின்றது வேறு மாதிரி இருந்தது.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: மொபைலில் சுற்றும் ஒரு நிமிடத் துண்டுகளிலிருந்து தொடங்காதீர்கள், அதில் அடி மட்டும்தான் இருக்கும். 2020இன் ஜே, ரோமன் போட்டிகளை முதலில் பாருங்கள். அப்புறம் 2022 நவம்பரிலிருந்து வார நிகழ்ச்சிகளில் சாமி வரும் பகுதிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு ராயல் ரம்பிளுக்கு வாருங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.