நல்கை வாங்கிப் பார்த்தோம்: ஐந்துக்கு மூன்று

செல்போன் வாங்குவதற்கு முன் நாலு பேர் எழுதியதைப் படித்துப் பார்க்கிறோம். நல்கைக்கு, அதாவது தொண்டு நிறுவனங்களுக்கு அறக்கட்டளைகள் தரும் நிதிக்கு (கிராண்ட்), அப்படி யாரும் எழுதிவைப்பதில்லை. அடுத்த வருடமும் அதே வாசலில் போய் நிற்க வேண்டுமே, யார் எழுதுவார்கள்? நானும் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீடற்றவர்களுக்காகவும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் வேலை செய்யும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு ஓராண்டு நிதி தருகிறவர்கள், அவ்வளவு போதும். நான் 28 படுக்கைகள் உள்ள ஓர் இரவுத் தங்குமிடத்தில் கணக்கு எழுதுகிறவன். எங்களைப் போன்ற சின்ன இடங்களில் கணக்கு எழுதுகிறவன்தான் புரபோசலும் எழுதுவான், போர்வையும் எண்ணுவான்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று போட்டிருந்தார்கள். அதற்கு முழு மதிப்பெண். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் 1,000 எழுத்து வரம்பு, பாதி சொல்வதற்குள் பெட்டி சிவப்பாகிவிட்டது. என்னடா என்று பார்த்தால், புள்ளியையும் துணையெழுத்தையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது. 'வீடற்றோர்' நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு ஒன்பது. முடிந்த இடத்திலெல்லாம் 'அவர்கள்' என்று மாற்றினேன். அது ஏழு. இப்படி இரண்டு இரண்டாக மிச்சம் பிடித்துத்தான் எங்கள் பத்து வருட வேலையை அதற்குள் அடைத்தேன்.

தகுதி விதிகள் கடுமை. மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, பதிவுச் சான்று, நிர்வாகக் குழுத் தீர்மானம். எங்களிடம் எல்லாம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குழுவிடம் இல்லை. தெருவில் பல வருடம் படுத்திருந்த பெண்களே சேர்ந்து நடத்துவது அது. எந்த மூலையில் யார் புதிதாக வந்து படுத்திருக்கிறார்கள் என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் அவர்களுக்குத் தரலாமா என்று கேட்டேன். துணை நல்கை கூடாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒதுக்கிய பணம் கடைசியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனிடம்தான் வந்து சேர்ந்தது. அந்த ஆள் நான் என்பதால் அதிகம் புலம்பவும் முடியவில்லை.

வேறு மாதிரியும் கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கோடீஸ்வரி மெக்கன்சி ஸ்காட் 2023-ல் திறந்த அழைப்பு விட்டபோது 6,353 நிறுவனங்கள் விண்ணப்பித்தன. முதல் சுற்றில் மதிப்பெண் போட்டவர்கள் விண்ணப்பித்த சக நிறுவனத்தார். 250 பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தவர், 2024 மார்ச்சில் 361 பேருக்கு 64 கோடி டாலர் கொடுத்தார். இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் ஆண்டுச் செலவு 10 லட்சம் டாலருக்குக் குறைந்தவர்கள் அந்த அழைப்புக்குள்ளேயே நுழைய முடியாது. எங்கள் அளவுள்ளவர்கள் அங்கேயும் வாசலுக்கு வெளியேதான்.

எங்களுக்கு வந்த நல்கையில் நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம் உச்சவரம்பு. இரவு முழுக்க விழித்திருக்கும் பொறுப்பாளர் அக்காவின் சம்பளம் நிர்வாகச் செலவாம், போர்வை திட்டச் செலவாம். போர்வை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், எடுத்துக் கொடுக்கிற ஆளுக்குத்தான் பணமில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையே 2015-ல் தன் திட்ட நல்கைகளில் இப்படிப்பட்ட நிர்வாகச் செலவுக்கான பங்கை இரட்டிப்பாக்கி 20 சதவீதம் ஆக்கியது. இதை எங்களுக்கு நல்கை தந்தவர்களின் திட்ட அதிகாரிக்கு எழுதி அனுப்பினேன். 'கவனத்தில் கொள்கிறோம்' என்றார். அது என்ன பதில் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான் ஒரு முழு நட்சத்திரத்தைக் குறைத்தது வேறொரு இடத்தில். மாத அறிக்கையில் 'புதிய பயனாளிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணை.

எங்களிடம் ஒரு பெரியவர் வந்தார். சுமை இறக்குகிற வேலை. இரவு 11 மணிக்கு மேல்தான் வருவார், பதிவேட்டில் கடைசிக் கைநாட்டு எப்போதும் அவருடையது. முதல் மூன்று வாரம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துத்தான் படுப்பார். நான்காவது வாரம் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், "தம்பி, பாருங்க" என்று. அதற்கப்புறம்தான் அடையாள அட்டைக்கு மனு, வங்கிக் கணக்கு, எப்போதோ போட்டிருக்க வேண்டிய கண்ணாடி, எல்லாம். மொத்தம் 94 இரவுகள். அறிக்கையில் அவர் 1. அதுவும் முதல் மாதத்தில் மட்டும், பிறகு பூஜ்யம். அதே கட்டிலில் 94 இரவும் 94 பேர் படுத்தெழுந்து தெருவுக்கே திரும்பிப் போயிருந்தால் என் அறிக்கை ஜொலித்திருக்கும்.

படமும் கேட்டார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று வருகிறவர்கள். முதுகுப்பக்கமாக எடுத்து அனுப்பினோம். 'முகம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது.

தவணை 40, 40, 20 சதவீதமாக. கடைசி 20 தணிக்கைக்குப் பிறகு, அதாவது முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கைக்காசு இருந்தால் ஏன் விண்ணப்பிக்கப் போகிறோம்? இரண்டாம் தவணை ஏழு வாரம் தள்ளிப்போனது. அக்கா ஒரு நாளும் வேலைக்கு வராமல் இல்லை. "இந்த மாசமும் இல்லையா தம்பி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். நான் எக்செல் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று நட்சத்திரம் ஏன்? அந்தத் திட்ட அதிகாரிக்காக. களப் பார்வை என்றால் பொதுவாகப் பகலில் வருவார்கள், காலிக் கட்டில்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் இரவு பத்தரைக்கு, கேமராவும் கூட்டமும் இல்லாமல் தனியாக வந்தார். பதிவேட்டைப் புரட்டி, "இந்த ஒருத்தர் ஏன் தினமும் கடைசியா இருக்கார்?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெரியவர் வரும்வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அடுத்த வாரம் 'திறன் வளர்ப்புப் பட்டறை' தலைப்பில் இருந்த பணத்தை, யாரும் கேட்காத பட்டறை அது, இரவு உதவியாளர் சம்பளத்துக்கு மாற்ற அனுமதி கேட்டேன். இரண்டே நாளில் மின்னஞ்சல் வந்தது, சரி என்று. படிவம் இல்லை, விளக்கக் கடிதம் இல்லை.

ஆனால் அறை முன்பணம் கேட்டபோது அவராலும் முடியவில்லை. பெரியவருக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. மாத வாடகை அவரே கட்டிவிடுவார், முன்பணம்தான் இல்லை. பயனாளிக்கு நேரடிப் பணம் கூடாது என்பது விதி. கையில் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற பயம்தான் அடியில். வான்கூவரில் 50 வீடற்றவர்களுக்கு ஆளுக்கு 7,500 கனடா டாலர் கையில் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள், முடிவு 2023-ல் வெளியானது. குடிக்கும் போதைக்கும் ஆன செலவு கூடவில்லை. பணம் கிடைக்காதவர்களைவிட அவர்கள் தெருவில் கழித்த நாட்கள் குறைந்திருந்தன. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று 1992-லேயே நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவிட்டார். பின்லாந்து 2008 முதல் அதையே நாட்டின் கொள்கையாக வைத்துக்கொண்டு, தங்குமிடங்களைத் தனித்தனி வீடுகளாக மாற்றியது. தங்குமிடத்தில் சம்பளம் வாங்குகிறவன் இதை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். முன்பணத்தை நாங்கள் ஏழெட்டுப் பேர் பங்கு போட்டுக் கொடுத்தோம். எந்த அறிக்கையிலும் அது இல்லை.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், விண்ணப்பியுங்கள். மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். பட்ஜெட்டில் இரவுப் பொறுப்பாளரை 'திட்டப் பணியாளர்' என்றே முதலிலிருந்து எழுதுங்கள், நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. 'புதிய பயனாளிகள்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'மொத்த இரவுகள்' என்று நீங்களாகவே ஒரு கட்டம் சேர்த்து அனுப்புங்கள். நான் ஆறாவது மாதத்திலிருந்து அனுப்பினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த வருட விண்ணப்பமும் திறந்துவிட்டார்கள். 'நல்கை முடிந்தபின் பணி எப்படித் தொடரும்?' என்ற பெட்டி அப்படியே இருக்கிறது. போனமுறை அதில் உள்ளூர்ப் புரவலர்கள், சமூகப் பங்களிப்பு என்று 996 எழுத்துக்கு அளந்துவிட்டிருந்தேன். இந்தமுறை 'வேறொரு நல்கைக்கு விண்ணப்பிப்போம்' என்று மட்டும் எழுதி, நேற்று ராத்திரி அனுப்பிவிட்டேன்.