"இரவெல்லாம் சார்ஜ் போட்டீர்களா?" என்று கேட்கும் பேட்டரி கடைகள்: ஓர் எச்சரிக்கை

மடிக்கணினிக்குப் புது பேட்டரி மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும். கோவை காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வசனத்தைப் பேசும் கடைகள் வேறு ஊர்களிலும் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை செய்பவள் நான். நான்காண்டு உழைத்த பேட்டரி தளர்ந்துபோனதால் மாற்றக் கொடுத்தேன். "கம்பெனி ஒரிஜினல், மேடம். ஆறு மாத வாரன்டி" என்று சொல்லி 3,200 ரூபாய் வாங்கினார் கடைக்காரர். பேட்டரியின் மேல் தன் கடையின் வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டிக் காட்டினார். பழைய பேட்டரியைத் தானே வைத்துக்கொண்டார். ரசீதில் "பேட்டரி 1" என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாடல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

முதல் சில வாரங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு முப்பத்தைந்து சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணையத் தொடங்கியது. மறுபடி உயிர்ப்பித்தால் நான்கு சதவீதம் என்று காட்டும். அடுத்து டச்பேடின் ஓரம் மேலெழுந்து, அழுத்தினால் கிளிக் ஆகாமல் போனது. உள்ளே பேட்டரி உப்பிக்கொண்டிருந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "இரவெல்லாம் சார்ஜரிலேயே போட்டு வைத்தீர்களா? ஓவர் சார்ஜ் ஆகியிருக்கிறது. இதற்கு வாரன்டி கிடையாது."

இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. லித்தியம் அயான் பேட்டரி நூறு சதவீதத்தில் நெடுநாள் நின்றால், அதுவும் சூட்டில் நின்றால், வேகமாக மூப்படையும் என்பது உண்மை. ஆனால் "ஓவர் சார்ஜ்" என்பது வேறு. பேட்டரிக்குள் இருக்கும் செல் தன் உச்ச மின்னழுத்தத்தை எட்டி நிரம்பியதும் சார்ஜ் செய்யும் மின்சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன் பிறகு கணினி அடாப்டரின் மின்சாரத்தில்தான் ஓடும். பேட்டரிக்குள்ளேயே இன்னொரு பாதுகாப்புச் சுற்றும் உண்டு. இவை ஒழுங்காக இருந்தால், செருகியே வைப்பதால் வரும் இழப்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லத் தெரியும். புத்தம்புதுப் பேட்டரி ஒரு பருவத்துக்குள் இப்படி உப்பக் காரணம் செல்லின் தரத்திலோ அந்தச் சுற்றுகளிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் கணினியில் தயாரிப்பாளரே கொடுத்த செயலி வழியாக எண்பது சதவீத வரம்பு போட்டிருந்தேன். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வசதி ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டினேன். இது ஒருநாளும் நூறைத் தொட்டதில்லை என்றேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "அதனால்தான் போயிற்று, மேடம்! முழுதாக ஏற்ற வேண்டும், மாதம் ஒருமுறை சைபர் வரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரிக்குப் பழகிப்போய்விடும்" என்றார். முழுதாக ஏற்றினால் ஓவர் சார்ஜ், ஏற்றாவிட்டால் பழகிப்போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் வாரன்டி இல்லை.

அவர் சொன்ன அந்தப் பழக்கம், அதாவது பாதி சார்ஜுக்கே பழகி முழுதாகத் தராமல் போவது, பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் குறை. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. அடிக்கடி சைபர் வரை இறக்குவது இதற்குக் கெடுதல். சதவீதக் கணக்கு பிசகினால் அதைச் சரிசெய்ய எப்போதாவது ஒருமுறை இறக்கி ஏற்றலாம், அவ்வளவுதான். "பாதி விலைக்கு வேறொன்று போட்டுத் தருகிறேன்" என்று அடுத்த பேரத்தை ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே இத்தகைய கடைகளில் உங்கள் பழக்கத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அந்த ஆட்டத்தின் விதிகளை எழுதுவது அவர்கள். பேட்டரியைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதற்குச் சான்று கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு, சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை (முழு அளவுக்கு எத்தனை முறை ஏறி இறங்கியது என்பது), வாரவாரியான வரலாறு எல்லாம் அதில் உண்டு. என்னுடையதில் வடிவமைப்பு 41,040 மில்லிவாட் ஹவர். முழுக்கொள்ளளவும் அதே 41,040, எல்லா வாரமும் ஓர் எண்கூட மாறாமல்! சுற்றுகள் சைபர். தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உண்மையான பேட்டரியில் முழுக்கொள்ளளவு சற்று ஏறும், இறங்கும், போகப்போகக் குறையும். சில நல்ல கணினிகளிலும் சுற்று எண்ணிக்கை பதிவாகாமல் போவதுண்டு. அதனால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம்.

வேறொரு தொழில்நுட்பரிடம் கொடுத்துக் கழற்றியபோது மிச்சமும் வெளியே வந்தது. கடை ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த லேபிள் மங்கலான நகல் அச்சு. இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய பேட்டரிகளில் ஐ.எஸ். 16046 என்ற தரக்குறியும், ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. எண் இருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை இட்டால் யாருடைய எண் என்று காட்டும். பேட்டரியைப் பொருத்துவதற்கு முன்பே, கடையில் நின்றபடியே இதைச் செய்துவிடலாம்.

பேட்டரி உப்பியிருந்தால் அந்தக் கணமே பயன்பாட்டை நிறுத்துங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்திச் சமன்செய்யாதீர்கள், குத்திக் காற்றை வெளியேற்றாதீர்கள், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு சேகரிப்பவரிடம்தான் சேர வேண்டும்.

கழற்றிய பேட்டரி, லேபிள், அறிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடைக்காரரின் குரலில் தேன் வழிந்தது. 2,500 ரூபாய் திரும்ப வந்தது. மீதி "பொருத்துகூலி" என்றார். எதற்குக் கூலி? ரசீதில் மாடல் எண்ணும் "ஒரிஜினல்" என்ற சொல்லும் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. வாங்கும்போதே இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டாண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. மீதி எழுநூறு ரூபாய்க்காக நான் இன்னும் எழுதிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.